தேர்தல் முடிந்தது, வழக்கு முடியவில்லை

2019 ஏப்ரல் 18ஆம் தேதி மதுரைக்காரர்களுக்கு ஒரே நாளில் இரண்டு வேலை. மாசி வீதிகளில் மீனாட்சியம்மன் தேரோட்டம். அதே நாளில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. தேரோட்டத்தன்று எந்தத் தெருவில் நுழைய முடியும், எதில் முடியாது என்பது இங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். மறுநாள் விடிந்தால் அழகர் ஆற்றில் இறங்குகிறார். சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் ஊருக்குள் வந்து கிடக்கிற நாளில் ஓட்டுப்பதிவா என்று எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்டார்கள். தேதியை மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றம்வரை போனார்கள். தேதி மாறவில்லை. மதுரைத் தொகுதிக்கு மட்டும் இரவு 8 மணிவரை வாக்களிக்கலாம் என்று நேரம் கூடியது. வடம் பிடித்துச் சிவந்துபோன கையோடு சாயங்காலம் வாக்குச்சாவடி வரிசையில் நின்று, அதே கையில் மை வைத்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

அன்று டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "ஏப்பா, ஊரே கூடிக் கேக்குது. கோர்ட்டால ஒரு தேதியக்கூட மாத்த முடியாதாக்கும்?"

நியாயமான கேள்விதான். நிலத் தகராறு, பணிநீக்கம், கட்டடம் இடிப்பு என்று எதற்கெடுத்தாலும் இடைக்காலத் தடை கொடுக்கிற நீதிமன்றம், தேர்தல் என்று வந்ததும் ஏன் கையைக் கட்டிக்கொள்கிறது? தேர்தல் சீர்திருத்தம் என்று பேச்செடுத்தால் வாக்கு இயந்திரம், ஒரே நாடு ஒரே தேர்தல், தொகுதி மறுவரையறை என்று நேராகப் பெரிய விஷயங்களுக்குப் போய்விடுகிறோம். எனக்கென்னவோ அந்தப் பெரியவர் கேட்ட இடத்தில்தான் முடிச்சு இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த முடிச்சு எப்படி விழுந்தது, அதில் நம் பக்கத்துத் தொகுதிகள் எப்படி மாட்டிக்கொண்டன என்று பார்க்கலாம்.

அரசமைப்புச் சட்டத்தில் 324 முதல் 329 வரையிலான பிரிவுகள் தேர்தலுக்கானவை. 324 தேர்தலை நடத்தும் பொறுப்பைத் தேர்தல் ஆணையத்திடம் கொடுக்கிறது. 326 வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டுரிமை தருகிறது. கடைசியில் வரும் 329(ஆ) அதிகம் பேசப்படாத பிரிவு. நாடாளுமன்றத்துக்கோ சட்டப்பேரவைக்கோ நடக்கும் எந்தத் தேர்தலையும், அதற்கென்று சட்டம் சொல்லும் முறையில் தாக்கலாகும் 'தேர்தல் மனு' மூலமாகத்தான் எதிர்க்க முடியும், வேறு வழியே கிடையாது என்கிறது அது.

இந்தப் பிரிவுக்கு முதன்முதலில் பொருள் சொன்ன வழக்கு நம் ஊர்ப் பக்கத்து வழக்கு. 1951இல் நாடு முதல் பொதுத்தேர்தலுக்குத் தயாரானபோது, அன்றைய சேலம் மாவட்டத்து நாமக்கல் தொகுதியில் பொன்னுசாமி என்பவரின் வேட்புமனு தள்ளுபடியானது. தள்ளுபடி செய்தது தப்பு என்று அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். அங்கே நடக்கவில்லை, உச்ச நீதிமன்றம் போனார். 1952 ஜனவரி 21 அன்று தீர்ப்பு வந்தது. 'தேர்தல்' என்றால் ஓட்டுப்போடும் நாள் மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அறிவிக்கையில் தொடங்கி முடிவு அறிவிக்கும்வரை நடக்கும் அத்தனையும் சேர்ந்ததுதான் தேர்தல் என்றது நீதிமன்றம். நடுவில் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் புகக் கூடாது. வேட்புமனுவைத் தப்பாகத் தள்ளியிருந்தாலும் தேர்தல் முடியட்டும், முடிந்தபின் தேர்தல் மனு போட்டுக்கொள்.

பொன்னுசாமிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பந்தியில் உட்காரவிடாமல் எழுப்பிவிட்டு, எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவியபின் புகார் கொடு என்பது மாதிரி.

ஆனாலும் அந்தத் தீர்ப்பில் ஒரு நடைமுறை அறிவு இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே பேசுவது நேர்மையாகாது. தமிழ்நாட்டில் மட்டும் 234 சட்டப்பேரவைத் தொகுதி. ஒவ்வொன்றிலும் பத்து முப்பது பேர் மனுப் போடுகிறார்கள். பாதிப்பேர் ஆளுக்கொரு தடை வாங்கினால் தேர்தல் நடக்கவே நடக்காது. தோற்றுவிடுவோம் என்று தெரிந்தவன் முதல் வேலையாகக் கோர்ட்டுக்குத்தான் ஓடுவான். அதனால்தான் கதவைச் சாத்தினார்கள்.

முழுக்கச் சாத்தவில்லை, ஒரு சின்ன இடுக்கு உண்டு. தேர்தலை நிறுத்தாமல், அது ஒழுங்காக நடக்க உதவும் வகையிலோ சாட்சியத்தைப் பாதுகாக்கும் வகையிலோ உத்தரவு போடலாம் என்று 2000இல் அசோக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இடுக்கு வழியாக மதுரையும் ஒரு தடவை போய்வந்தது. அதே 2019 தேர்தலில், வாக்குப்பதிவு முடிந்த இரண்டாம் நாள், மருத்துவக் கல்லூரி வாக்கு எண்ணும் மையத்தில் ஆவணங்கள் வைத்திருந்த அறைக்குள் அதிகாரி ஒருவர் அனுமதியில்லாமல் போனதாகப் புகார் எழுந்தது. மார்க்சிஸ்ட் வேட்பாளர் வழக்குப் போட்டார். உயர் நீதிமன்றம் தேர்தலில் கை வைக்கவில்லை. மாவட்ட ஆட்சியரை மாற்றச் சொன்னது.

சரி, சாத்தாமல் விட்ட அந்த ஒரே கதவுக்கு வருவோம்.

தேர்தல் மனுவை யார் போடலாம்? அந்தத் தொகுதியில் போட்டியிட்டவர் போடலாம், வாக்காளர் யார் வேண்டுமானாலும் போடலாம். முடிவு வந்த 45 நாளுக்குள் போட வேண்டும். 46ஆம் நாள் போனால் கதை முடிந்தது. காலதாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்கக்கூட வழியில்லை. காப்புத்தொகை 2,000 ரூபாய். எதிர்மனுதாரர் எத்தனை பேரோ அத்தனை நகல் வைக்க வேண்டும், ஒவ்வொன்றையும் உண்மை நகல் என்று மனுதாரரே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். லஞ்சம் போன்ற 'ஊழல் செயல்' என்று குற்றஞ்சாட்டினால் அதற்குத் தனியாக ஒரு பிரமாணப் பத்திரம். யார், எங்கே, எப்போது, எவ்வளவு என்று விவரமாகச் சொல்ல வேண்டும். காப்புத்தொகை கட்டாவிட்டாலோ, சேர்க்க வேண்டிய எதிர்மனுதாரரைச் சேர்க்காவிட்டாலோ மனுவைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951.

ஒத்தக்கடை பக்கம் ஒரு வக்கீல் நண்பர் இதைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பார். "அண்ணே, சிவில் கேஸ்னா ஒரு பேப்பர் விட்டுப்போச்சுன்னா அப்புறமா வச்சுக்கலாம். இதுல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னா கட்சிக்காரன் மூஞ்சில முழிக்க முடியாது." அவர் சொல்வதில் மிகை கொஞ்சம் இருக்கலாம், பொய் இல்லை. எதிர்த்தரப்பு முதலில் தேடுவது மனுவில் உள்ள ஓட்டையைத்தான். மனுவைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கச் சொல்லி ஒரு விண்ணப்பம், அது தள்ளுபடியானால் உச்ச நீதிமன்றத்தில் முறையீடு, அங்கே ஒரு தடை. லஞ்சம் கொடுத்தானா இல்லையா என்ற பேச்சே தொடங்காமல் இரண்டு வருடம் ஓடிவிடும்.

சட்டம் கேட்பது என்னவோ வேகம்தான். விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று 86ஆம் பிரிவில் இருக்கிறது. 'முயல வேண்டும்' என்று மட்டும்தான் இருக்கிறது. 45 நாளை ஒரு நாள் தாண்டினால் மனுதாரர் காலி. ஆறு மாதத்தை ஆறு வருடமாக்கினால் யாருக்கும் ஒன்றுமில்லை.

திருப்பரங்குன்றம் இதற்கு நல்ல சாட்சி. முருகனின் முதல் படைவீட்டுக்கு வந்த சோதனையைத் தேதி வாரியாகச் சொன்னால்தான் புரியும்.

2016 மே மாதத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் சீனிவேல் ஜெயித்தார். பதவியேற்கும் முன்பே இறந்துபோனார். நவம்பர் 19 இடைத்தேர்தல். அதற்குள் செப்டம்பர் 22 அன்று முதல்வர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுவிட்டார். கட்சியின் பொதுச்செயலாளர் அவர்தான். வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

இங்கே படிவம் ஏ, படிவம் பி பற்றிச் சொல்ல வேண்டும். கட்சியின் சார்பில் வேட்பாளரை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்று சொல்வது ஏ. இன்னார்தான் எங்கள் வேட்பாளர் என்று சொல்வது பி. வேட்புமனுவின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் இரண்டும் தேர்தல் நடத்தும் அலுவலர் மேசைக்குப் போயிருக்க வேண்டும். மையால் போட்ட அசல் கையெழுத்து இருக்க வேண்டும். ரப்பர் ஸ்டாம்ப் செல்லாது. இவை இல்லையென்றால் சின்னம் கிடையாது. அதோடு போவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்து பேர் வேண்டும். ஒரே ஆள் முன்மொழிந்து மனு போட்ட கட்சி வேட்பாளரின் படிவம் செல்லாமல் போனால் அவர் மனுவே கீழே விழுந்துவிடும். இரண்டு தாளில்தான் ஒரு வேட்பாளரின் உயிர் இருக்கிறது.

அந்த இரண்டு தாளில் கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல் ரேகை இருந்தது. அரசு மருத்துவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஏ.கே.போஸ் இரட்டை இலையில் நின்று, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற தி.மு.க. வேட்பாளர் சரவணன், அவரும் ஒரு டாக்டர்தான், ரேகை செல்லாது என்று தேர்தல் மனு போட்டார். டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா இறந்தார். ரேகை வைத்தவரைக் கேட்க வழியில்லை.

வழக்கு எப்படியெல்லாம் போனது தெரியுமா? ஜெயலலிதா பரப்பன அக்ரஹாரா சிறையில் இருந்தபோது எடுத்த ரேகைப் பதிவைக் கொண்டுவரச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. வாய்தா மேல் வாய்தா. 2018 ஆகஸ்ட் 2 அன்று போஸும் காலமானார்.

இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151அ பிரிவு சொல்கிறது. ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கிறதே, நாளைக்கே நீதிமன்றம் சரவணனை வெற்றிபெற்றவர் என்று அறிவித்துவிட்டால் ஒரே நாற்காலிக்கு இரண்டு பேர் ஆகிவிடுமே என்ற சிக்கல் எழுந்தது. அப்படிப்பட்ட நிலையில் இடைத்தேர்தல் காத்திருக்கலாம் என்று 1967இலேயே சஞ்சீவய்யா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே 2019 மார்ச்சில் தமிழ்நாட்டின் 18 தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் அறிவித்த ஆணையம், திருப்பரங்குன்றத்தையும் வேறு இரண்டு தொகுதிகளையும் விட்டுவிட்டது.

2019 மார்ச் 22 அன்று நீதிபதி வேல்முருகன் தீர்ப்புச் சொன்னார். ரேகை வைத்த படிவங்களைச் சட்டப்படி ஏற்க முடியாது, போஸின் வெற்றி செல்லாது. அதே சமயம் சரவணனை வெற்றியாளராக அறிவிக்கவும் மறுத்துவிட்டார். இறந்துபோய் ஏழு மாதத்துக்கு மேல் ஆன ஒருவரின் பதவியை நீதிமன்றம் பறித்தது. தீர்ப்பின் சட்டக் காரணங்களில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் அந்தத் தொகுதியின் பெயரால் ஒருவர் சட்டப்பேரவையில் ஒன்றே முக்கால் வருடம் இருந்தார். பிறகு ஒன்பது மாதம் யாருமே இல்லை. இதற்கு எந்தத் தீர்ப்பும் மருந்து போடாது.

இந்த வழக்கைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அரசியலைப் பேசுகிறார்கள், மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதைப் பேசுகிறார்கள். நான் கேட்பது வேறு. படிவத்தில் ரேகை இருந்தது வேட்புமனுப் பரிசீலனை நாளிலேயே தெரியும். அது செல்லுமா செல்லாதா என்பது சட்டக் கேள்வி. ஒரு நீதிபதி உட்கார்ந்து மூன்று நாளில் முடிவு சொல்லியிருக்கலாம். பொன்னுசாமி தீர்ப்பு அப்படிச் செய்யவிடாது. மூன்று நாள் கேள்விக்கு இரண்டரை வருடத்தில் பதில் வந்தது.

பக்கத்துத் தேனிக்குப் போனால் கணக்கு இன்னும் மோசம். மதுரை மாவட்டத்து உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனி மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகின்றன. 2019இல் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. கூட்டணி ஜெயித்த ஒரே மக்களவைத் தொகுதி அது, ஜெயித்தவர் ரவீந்திரநாத். வேட்புமனுவோடு தந்த பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரங்களை மறைத்தார் என்று தொகுதி வாக்காளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2023 ஜூலை 6 அன்று உயர் நீதிமன்றம் வெற்றி செல்லாது என்றது. மேல்முறையீட்டுக்காக அதுவே ஒரு மாதம் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. மக்களவையின் காலம் 2024இல் முடிந்தது, எம்.பி.யும் அதுவரை எம்.பி.யாகவே இருந்தார். அவர் செய்தது சரியா தப்பா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். தப்பென்றால் உசிலம்பட்டிக்காரர்களுக்கு அநியாயம். சரியென்றால், தப்பானவர் என்ற பேச்சோடு அவர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்ததும் அநியாயம்தான்.

ராதாபுரம் கதையும் எல்லோருக்கும் தெரிந்ததே. 2016இல் 49 ஓட்டில் தோற்ற அப்பாவு, தபால் ஓட்டுகளைத் தப்பாகத் தள்ளிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கையே நடந்து முடிந்தது. ஆனால் உச்ச நீதிமன்றத் தடையால் அந்த எண்ணிக்கை, சட்டப்பேரவை கலையும்வரை வெளியே வரவில்லை. அப்பாவு அடுத்த தேர்தலில் நின்று ஜெயித்து, பேரவைத் தலைவராகவே ஆகிவிட்டார். ஓட்டை எண்ணி முடித்த பிறகும் எண்ணிக்கையைச் சொல்ல முடியாத வழக்கை வேறெங்காவது பார்க்க முடியுமா?

இன்னொன்று. இந்த மூன்று வழக்கும் சென்னையில் நடந்தவை. ஒத்தக்கடையில் 2004இலிருந்து உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. திருப்பரங்குன்றத்திலிருந்து அரை மணி நேரம். சாட்சி சொல்ல வேண்டியவர்களுக்கு வாய்தாவுக்கு வாய்தா பாண்டியன் எக்ஸ்பிரஸ்.

தேர்தல் மனுக்களை முதலில் தனித் தீர்ப்பாயங்கள்தான் விசாரித்தன. 1966இல் சட்டத்தை மாற்றி உயர் நீதிமன்றங்களிடம் கொடுத்தார்கள். வேகமாகவும் நம்பகமாகவும் இருக்கும் என்று நினைத்தார்கள். நம்பகம் கூடியது, வேகம் போய்விட்டது. ஒரு தனி நீதிபதி, தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆயிரம் கட்டுகளோடு இந்தக் கட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெயித்தவருக்கு வழக்கு நீள நீள லாபம். அவையின் காலம் முடிந்துவிட்டால் பெரும்பாலான மனுக்கள் பயனற்றவை என்று மூடப்படும். ஊழல் செயல் என்ற குற்றச்சாட்டு உள்ள மனுதான் அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கும், ஏனென்றால் நிரூபணமானால் ஆறு வருடம்வரை போட்டியிடத் தடை வரலாம். கோவை மாவட்டத்தில் தேக்கம்பட்டி ஊராட்சித் தலைவர் தன்மேல் இருந்த குற்ற வழக்குகளை மறைத்து 2006இல் ஜெயித்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் இறுதியாகச் சொன்னது 2015 பிப்ரவரியில். வழக்கு விவரத்தை மறைப்பது வாக்காளரின் சுதந்திரத்தில் தலையிடுவது ஆகும் என்ற அருமையான சட்ட விளக்கம் அதில் கிடைத்தது. அந்த ஊராட்சியின் ஐந்து வருடக் காலமோ 2011இலேயே முடிந்திருந்தது.

திருப்பரங்குன்றம் இடைத்தேர்தல் நடந்த அதே 2016 நவம்பர் 19 அன்று அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் ஓட்டுப்பதிவு நடந்தது. அவை மே மாதமே நடந்திருக்க வேண்டியவை. பணம் புழங்கியதால் ஆணையம் ரத்து செய்திருந்தது. பணத்துக்காக ஒரு சட்டப்பேரவைத் தேர்தல் ரத்தானது நாட்டில் அதுதான் முதல் தடவை. இந்த இடத்தில் திருமங்கலத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2009 ஜனவரி 9 இடைத்தேர்தலுக்குப் பிறகு, மதுரைக்குத் தெற்கே இருக்கும் அந்த அமைதியான ஊரின் பெயர் 'ஃபார்முலா' என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டது. காலைச் செய்தித்தாளுக்குள் வாக்காளர் சீட்டோடு உறையில் 5,000 ரூபாய் வந்தது என்று அமெரிக்கத் தூதரகக் குறிப்பு ஒன்று பிறகு விக்கிலீக்ஸில் வெளியானது. திருமங்கலத்துக்காரர்கள் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் ஒரு மாதிரி சிரிப்பார். ஊருக்குச் செய்த பாவம் அது. எல்லாக் கட்சியும் எல்லா ஊரிலும் செய்ததற்கு ஒரு ஊர் பெயர் சுமக்கிறது.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமலா? ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 171ஆ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 170. தண்டனை ஒரு வருடம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விருந்து போடுவதும் லஞ்சத்தில்தான் சேரும், ஆனால் அதற்கு அபராதம் மட்டும். ஆக, பிரியாணிக்குச் சிறை கிடையாது! இது நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாகக் கைது செய்ய முடியாத குற்ற வகை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தேர்தலை நிறுத்தும் அதிகாரத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்யலாம் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58அ பிரிவு தெளிவாகச் சொல்கிறது. பணத்துக்காக ரத்து செய்யலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. சட்டம் பேசாத இடத்தில் 324ஆம் பிரிவே ஆணையத்துக்கு அதிகார ஊற்று என்று 1977இல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துத்தான் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017இல் ஆர்.கே.நகரும் ரத்தாயின. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானபோது குடியரசுத் தலைவரின் உத்தரவு தேவைப்பட்டது. பணத்துக்கென்று 58ஆ என்று ஒரு புதுப் பிரிவு சேர்க்கும்படி ஆணையம் மத்திய அரசைக் கேட்டது. சேரவில்லை. ரத்தான பிறகு என்ன ஆனது? அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் இரண்டு பெரிய கட்சிகளும் அதே வேட்பாளர்களையே திரும்ப நிறுத்தின. தடுக்கச் சட்டத்தில் வழியில்லை.

வேட்பாளருக்குச் செலவு வரம்பு உண்டு: சட்டப்பேரவைக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். கட்சி செலவழித்தால் வரம்பே கிடையாது. கட்சிச் செலவையும் வேட்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1974இல் சொன்னது. அந்த வருடமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை வெளியே தள்ளிவிட்டது.

திருமங்கலத்துக்குப் பிறகு ஆணையம் சும்மா இருக்கவில்லை. செலவுப் பார்வையாளர்கள், பறக்கும் படை, நிலையான கண்காணிப்புக் குழு என்றெல்லாம் வந்தன. கட்சிக்காரர்கள் வீடுவீடாகக் கொடுத்த பூத் சிலிப்பை அதிகாரிகளே கொடுக்கத் தொடங்கினார்கள். சிலிப்போடு உறையும் போகும் பாதை அடைபட்டது. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டுபோனால் ஆதாரம் காட்ட வேண்டும். இதில் மாட்டுகிறவர் யார் என்றால், விடியற்காலை மாட்டுத்தாவணிக்கு வந்து பூ விற்ற காசோடு ஊர் திரும்பும் வியாபாரி. மல்லிகைக்கு ரசீது போட்டுக் கொடுக்க எந்தத் தோட்டக்காரரிடம் புத்தகம் இருக்கிறது? தேர்தல் வந்தாலே பாவம், அவர் வேட்டி மடிப்பை அவிழ்த்துக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஓட்டுக்கான பணம் அதற்கு முன்பே எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கும்.

அப்படியானால் நீதிமன்றக் கதவைத் தொடக்கத்திலேயே திறந்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கலாம். அதற்கும் மதுரையில் பாடம் இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலுக்கும் 329 மாதிரியே 243ஓ போன்ற தடைப் பிரிவுகள் உண்டு. ஆனால் 2016 அக்டோபரில் இடஒதுக்கீட்டு விதிமீறலைக் காட்டிப் போட்ட வழக்கில், உள்ளாட்சித் தேர்தல் அறிவிக்கையையே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. காரணம் சரியானதாகவே இருக்கட்டும். அப்புறம் மேல்முறையீடு, வார்டு மறுவரையறை, புது மாவட்டங்கள் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, பெரும்பாலான ஊரகப் பகுதிக்கு 2019 டிசம்பரிலும் நகரத்துக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. நூறு வார்டு உள்ள மதுரை மாநகராட்சியில் ஐந்து வருடத்துக்கும் மேல் ஒரு கவுன்சிலர்கூட இல்லை. எங்கள் தெருவில் சாக்கடை பொங்கினால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல், முன்னாள் கவுன்சிலர் வீட்டுக்கே போய் நின்றோம். அவரும் பழக்கதோஷத்தில் போன் போட்டுச் சொல்வார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று 243உ பிரிவு சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

ஆகக் கதவை எப்போது திறப்பது என்பதைவிட, உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்பதுதான் பெரிய கேள்வி. 2015இல் நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் இதற்கு வழி சொன்னது. ஒவ்வொரு உயர் நீதிமன்றத்திலும் தேர்தல் மனுக்களுக்கென்றே அமர்வு ஒதுக்க வேண்டும், நாள்தோறும் விசாரிக்க வேண்டும், ஆறு மாதக் கெடு உண்மையான கெடுவாக இருக்க வேண்டும். இதற்கு அரசமைப்பைத் திருத்த வேண்டியதில்லை. சாதாரணச் சட்டத்திருத்தம் போதும், பாதிக்கு அதுகூட வேண்டாம். தலைமை நீதிபதி வழக்குகளை ஒதுக்கும்போது மனசு வைத்தால் போதும். என்னைக் கேட்டால் இன்னும் ஒன்று சேர்ப்பேன். வேட்புமனு, படிவம், சின்னம் பற்றிய சண்டைகளை மட்டும், பரிசீலனைக்கும் வாக்குப்பதிவுக்கும் நடுவில் ஒரே முறை, ஒரே வாரத்தில், தடை கொடுக்காமல் கேட்டு முடிக்க ஓர் ஏற்பாடு வேண்டும். இதற்கு 329இல் கை வைக்க வேண்டிவரலாம்; எதிர்ப்பும் வரும்.

நாடு இப்போது போகிற திசை வேறாக இருக்கிறது. 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் வந்த 129ஆவது அரசமைப்புத் திருத்த மசோதா ஒரே நேரத்தில் எல்லாத் தேர்தலையும் நடத்தப் பார்க்கிறது. கூட்டுக் குழுவுக்குப் போயிருக்கிறது. மாநில உரிமைக் கோணத்தில் அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டார்கள். நான் பார்க்கும் இடம் சின்னது. ஒரு சட்டப்பேரவை நடுவில் கலைந்தால், புதிதாக வரும் பேரவை மிச்சக் காலத்துக்கு மட்டும்தான் என்கிறது மசோதா. மிச்சம் இரண்டு வருடம் என்றால் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடப் பேரவைக்கு நடக்கும் தேர்தலில் முறைகேடு நடந்து, அதற்கு ஒருவர் 45 நாளுக்குள் 2,000 ரூபாய் கட்டி மனு போடுகிறார் என்று வையுங்கள். தேனி வழக்கு நான்கு வருடம் எடுத்தது.

அந்தப் பெரியவருக்கு நான் அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "சட்டம் அப்படி இருக்குய்யா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்கு வீடு திருநகர் பக்கம். திருநகர் திருப்பரங்குன்றம் சட்டப்பேரவைத் தொகுதி. மக்களவைக்கு விருதுநகரில் சேரும். அதனால் 2019 ஏப்ரல் 18 அன்று அவர் விருதுநகருக்கு ஓட்டுப் போட்டிருப்பார். நீதிமன்றத் தீர்ப்பு வந்து, விடுபட்ட இடைத்தேர்தலையும் ஆணையம் அறிவித்து, மே 19 அன்று திரும்பவும் போய்ச் சட்டப்பேரவைக்கு ஓட்டுப் போட்டிருப்பார். மூன்று வருடத்தில் ஒரே நாற்காலிக்கு அது அவருக்கு மூன்றாவது ஓட்டு. சரவணன் ஜெயித்தார். ஏப்ரலில் வைத்த மை அதற்குள் நகத்திலிருந்து முழுசாக இறங்கியிருக்காது.